வகுப்பறையிலும் ஒரே கிலோவா?

கொழுந்து நிறைந்த மலைக்கும் புல் மண்டிக் கிடக்கும் மலைக்கும் ஒரே கிலோ கேட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. மழை இல்லாத மாதத்தில் போன மாதத்து நிறையைக் கேட்கும் கணக்கப்பிள்ளையிடம் நம் பெண்கள் மலையிலேயே வாதாடுகிறார்கள். கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் தோட்டத் தலைவர் ஆபீசுக்குப் போகிறார். மலையையும் காலத்தையும் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும் என்பது சங்கத்தில் நாம் பழகிய நியாயம். அதே நியாயம் நம் பிள்ளைகளின் வகுப்பறையிலும் வேண்டும் என்கிறோம்.

தரம் 3 வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள். பாடத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிக்கொண்டிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பவர்கள் பாதிப் பேர். மிச்சப் பேருக்கு ‘க’ தெரியும், ‘கா’ தெரியும். ‘கொ’ வந்தால் வாய் நின்றுவிடும். ஆனால் இன்றைக்கு எல்லாருக்கும் ஒரே பக்கம்தான். ஆசிரியர் குறைந்த பாடசாலைகளில் அதே அறையின் மற்றப் பக்கத்தில் தரம் 4 வேறு இருக்கும்.

இதை மாற்றுவது நாம் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. 1998இல் கம்பஹாவில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2ஐ ஒரு முதன்மை நிலையாகவும், தரம் 3, 4ஐ இன்னொன்றாகவும், தரம் 5ஐ மூன்றாவதாகவும் வகுத்தது. ஒவ்வொரு நிலையையும் தாண்டுமுன் பிள்ளை பெற வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளும் எழுதப்பட்டன. பெறாத பிள்ளைக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். நல்ல திட்டம்தான். முப்பது பேரில் எட்டுப் பேருடன் தனியாக உட்கார ஆசிரியருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பகுதியை டெப் தரும் என்று நாங்கள் நம்புகிறோம். கூகுளின் ‘ரீட் அலோங்’ செயலி தமிழிலும் இருக்கிறது. பிள்ளை கதையைச் சத்தமாக வாசிக்க, அது கேட்டுக்கொண்டிருந்து, தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். கதைகளை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் தேவையில்லை. இதில் முக்கியம், பிள்ளை பிழையாக வாசித்தால் யாரும் சிரிப்பதில்லை. பத்துத் தடவை வாசித்தாலும் அதற்கு அலுக்காது. மனிதருக்கு அலுக்கும், நாங்களும் மனிதர்தானே. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு மட்டம் 1 முதல் 4 வரை பிரித்து வைக்கப்பட்டுள்ளன, இலவசமாக. அவற்றை அச்சடித்தும் கொடுக்கலாம். ஐந்து டெப் இருந்தால், வேகமான பிள்ளைகள் மூலையில் நான்காம் மட்டக் கதை வாசிக்கும் பதினைந்து நிமிடத்தில், ‘கொ’வில் நின்ற பிள்ளைகளுடன் ஆசிரியர் பாயில் உட்காரலாம்.

அந்தக் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவில் எழுதப்பட்டவை. ரூபாய் என்று இருக்கும், நம் பிள்ளை ரூபா என்று படிக்கும். அது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பிள்ளை மடுவமும் கொழுந்துப் பையும் வரும் கதையை நாம்தான் எழுத வேண்டும். அத்தளத்தில் யாரும் எழுதலாம். அப்பாயி சொல்லும் கதையை போனில் பதிவு செய்தாலே ஒரு பாடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மட்டம் பார்த்துக் குழுவாக்குகிறது. மட்டத்தை அறியும் கணிப்பீட்டுக்குச் செயலியும் வைத்தார்கள். குழுவாக்கும் முறையை நாம் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் விவரம் பதிவதிலேயே பொழுது போகிறது, கற்பிக்க நேரமில்லை என்று அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பின. வலயத்துக்கு அறிக்கை அனுப்பும் கருவியாக டெப் மாறினால் நாங்களும் எதிர்ப்போம்.

இனிச் செலவு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது பாடம் வட்ஸ்அப்புக்குப் போனது. வீட்டில் ஒரு போன். அது அப்பாவுடன் கொழும்பில். போன் இருந்த வீட்டில் ரீலோட் இல்லை, ரீலோட் இருந்த வீட்டில் சிக்னல் இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. ஒரு ஸ்மார்ட் போன் பல வாரச் சம்பளம். அந்த ஆண்டு ஒக்டோபர் 21இல் 200க்குக் குறைந்த மாணவர் உள்ள ஆரம்பப் பாடசாலைகளை முதலில் திறந்தபோது, தரம் 1இல் விட்ட எழுத்தைத் தரம் 2இலும் காணாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆகவே எங்கள் நிலைப்பாடு ஒன்றுதான்: கருவி பாடசாலையின் சொத்தாக இருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளையின் வீட்டுவேலை பெற்றோரின் போனையும் ரீலோட்டையும் நம்பி இருக்கக் கூடாது.

ஸ்மார்ட் போர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறோம். திறப்பு விழாவில் படம் எடுக்க அது நன்றாக இருக்கும். ஆனால் ஆரம்ப வகுப்பில் அது பெரிய கரும்பலகைதான். மறுபடியும் எல்லாருக்கும் ஒரே பக்கம். அந்தக் காசுக்குச் சிறிய டெப்கள் வாங்கி, கூரை ஒழுகாத அறையில் பூட்டுள்ள அலுமாரியும் ஒழுங்கான கரண்டும் தந்தால் போதும். டெப் தந்துவிட்டோம், ஆசிரியர் வெற்றிடத்தைப் பிறகு பார்ப்போம் என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்ட வேண்டாம். பாயில் உட்கார ஆசிரியர் இல்லாவிட்டால் மூலையில் டெப் இருந்து என்ன பயன்?

சம்பளச் சீட்டில் எதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லும் தாய்மார் நம் லயங்களில் இருக்கிறார்கள். தரம் 5 முடித்த பிள்ளை அதை வாசிக்க முடியாமல் நின்றால், கொஞ்சக் காலத்தில் அது கொழும்பில் ஏதாவது கடையில் நிற்கும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். என் பிள்ளை எந்த மட்டத்தில் வாசிக்கிறது, அடுத்த மட்டத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று எங்களையே கேளுங்கள். புலமைப்பரிசில் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். வேலை நாள் காலையில் கூட்டம் வைத்தால் உங்களுக்கு அரைப்பேர் போகும் என்பது தெரியும். பிற்பகல் 4.30க்குப் பிறகு வைக்கும்படி அதிபர்களிடம் கேட்கிறோம். தோட்டக் கமிட்டிகளும் அதைக் கடிதமாகக் கொடுக்க வேண்டும்.