சித்தாளுக்கும் ஒரு கரண்டி

நெகமம், கோட்டூர், ஆனைமலைப் பக்கமிருந்து காலையில் தூக்குப்போசியோடு பொள்ளாச்சி வந்து இறங்கும் பெண்களில் பலர் இருபது வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறவர்கள். அவர்களோடு கையாளாகச் சேர்ந்த பையன்கள் இன்று கொத்தனார்கள். சிலர் மேஸ்திரியாகி நாலு இடத்தில் வேலை எடுத்துச் செய்கிறார்கள். பெண்கள் மட்டும் இன்னும் கல் சுமக்கிறார்கள்.

கொத்து வேலையைப் பெரும்பாலும் யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்பதில்லை. கொத்தனார் சாப்பிடப் போன நேரம் கரண்டியை எடுத்து உள்சுவரில் நாலு கல் வைத்துப் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டு, கோணல் தெரிந்தால் திட்டு வாங்கிப் பிரித்து, மறுபடி வைக்க வேண்டும். அப்படித்தான் கை பழகும். அந்த நேரத்தில் பையனுக்குக் கரண்டி கிடைக்கிறது, பெண்ணுக்குச் சட்டி கழுவும் வேலை கிடைக்கிறது. கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா, மணல் தூக்கலா என்று பார்த்ததும் சொல்லக்கூடியவள் அவள்தான். "கரண்டியக் கைல குடுத்தாத்தானுங்க பழக முடியும்" என்றார் ஒரு அக்கா. அவர் கேட்பது நியாயம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996-ல் வருவதற்கு முன்பே, 1994-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் அந்த வாரியத்துக்குப் போகிறது. பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு வாரியம் மூன்று மாதப் பயிற்சியும் தருகிறது: முதலில் சென்னையை அடுத்த தையூரில், பிறகு காஞ்சிபுரம் எல் அண்ட் டி பயிற்சி நிலையத்தில். கூலி போனால் அடுப்பு எரியாது என்று உணர்ந்து, நாளொன்றுக்கு 800 ரூபாய் உதவித்தொகை வைத்தார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை விட்டுவிட்டு, ஆனைமலையிலிருந்து ஒரு தாய் மூன்று மாதம் அவ்வளவு தூரத்தில் தங்குவாளா?

பெண்ணுக்கு இந்த வேலை வராது என்பவர்கள் மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டிக் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே அரசின் குடும்பஸ்ரீ திட்டப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் கட்டடப் பெண்களுக்கென்றே 'கர்மிகா' என்ற பள்ளியைத் தொடங்கிக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

அதே பயிற்சியைப் பொள்ளாச்சியிலேயே, அதே 800 ரூபாயோடு, பெண்களுக்கென்று வாரியம் நடத்த வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. 1957 முதல் நாச்சிமுத்து பாலிடெக்னிக் இந்த ஊரில் இருக்கிறது. மூன்று மாதம் முடிந்ததும் கொத்தனார் சான்றிதழும், கொத்தனார் கூலியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வருடம் வீடு கட்டப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சுற்றுச்சுவரில் ஒரு பக்கத்தையாவது உங்கள் சித்தாள் கட்டட்டும். கோணினால் பிரித்துக் கட்டும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.