இடுப்புல துப்பாக்கி, எதிர்ல என் பொண்ணு

நொய்டா வந்து ஒன்பது வருஷமாச்சு. போன வாரம் எங்க சொசைட்டி கிளப் ஹவுஸ்ல ஒரு ரிங் செரிமனி. மாப்பிள்ளையோட மாமா பேண்ட் இடுப்புல .32 ரிவால்வர். உறை கிடையாது. "உறையில வச்சா எடுக்க லேட்டாகும், இதான் ஃபாஸ்ட்"னு விளக்கம் வேற! அவருக்கு எதிர்ல குலாப் ஜாமூன் கிண்ணத்தோட என் பொண்ணு.

சரி சாமி, வேகத்தையே பேசுவோம். எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அதிகாரி, ராணுவத்துல இருந்து ரிடையர் ஆன சுபேதார், சொல்லித் தந்த பாடம் இது.

முன்வயித்துல செருகினா கை சீக்கிரம் போகும், நிஜம்தான். ஆனா உட்கார்ந்தா குழல் பார்க்கறது உங்க தொடையை. அங்க ஓடற பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷத்துல உயிரே போகலாம். அக்குள் உறை கார்ல உட்கார வசதி. ஆனா படுக்கை வாட்டத்துல இருந்தா குழல் பின்னாடி நிக்கறவங்களைப் பார்க்கும். உருவும்போது பக்கத்துல இருக்கறவங்க மேலயும் ஒரு சுத்து வரும். முதுகுப் பக்கம் வச்சுக்கிட்டு வழுக்கி விழுந்தா தண்டுவடத்துக்கு ஆபத்து; பின்னால வர்றவன் உருவறதும் சுலபம். விசையை முழுசா மூடற இறுக்கமான உறையில, வலது இடுப்போரம் வைக்கறதுதான் உருப்படியான வழி. துளி தாமதமானா ஆகட்டுமே!

உறையில்லாம செருகினா வேகமும் பொய்தான். நடக்க நடக்க நழுவும். அவசரத்துல கைப்பிடியைத் தேடணும். விரல் முதல்ல எதுல மாட்டும்னு நினைக்கறீங்க?

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்துல கைத்துப்பாக்கி உறைக்குள்ள, முழுசா மறைஞ்சு இருக்கணும். கல்யாணம், பொது விழாவுக்கு எடுத்துட்டு வரவே கூடாது. கொண்டாட்டத்துல கண்மூடித்தனமா சுட்டா 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்னு 2019 திருத்தம் சொல்லுது. "லைசென்ஸ் இருக்கே"ங்கறீங்களா? 2024 அக்டோபர்ல மும்பையில நடிகர் கோவிந்தா கால்ல குண்டு பாய்ஞ்சது அவரோட சொந்த லைசென்ஸ் ரிவால்வர்ல இருந்துதான்.

இதுல என் கோபம் அந்த மாமா மேல மட்டுமில்ல. "வெளியூர்ல இருக்கோம், நமக்கெதுக்கு வம்பு"ன்னு பல்லைக் காட்டிட்டு நின்னேன் பாருங்க, என் மேலயும்தான். தங்கமணிதான் பொண்ணு கையைப் பிடிச்சுட்டு விறுவிறுன்னு வெளிய போனாங்க. குண்டுக்கு வெளியூரு உள்ளூரு தெரியாது மக்களே. அடுத்த தடவை, விழா நடத்தறவங்ககிட்ட நேரா சொல்லுங்க: "துப்பாக்கி வீட்டுப் பூட்டுக்குள்ள போகட்டும், அப்புறம் சாப்பிடறோம்." கேக்கலையா, மொய் வச்சுட்டுக் கிளம்புங்க.

டிஸ்கி: நான் சுட்டது என்.சி.சி. .22 ரைஃபிளும், வீட்டுல அப்பளமும் மட்டும்தான் :-)