வாஷிங்டன் உபயம்

பி.காம். படித்தவனை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகாதீர்கள். தாஜ்மகால் முன்னால் நிறுத்தினால், பளிங்குக்கு என்ன ஆகியிருக்கும் என்பான். நயாகராவைக் காட்டினால், இத்தனை தண்ணீருக்கு யார் வரி கட்டுகிறார்கள் என்று கேட்பான். என் மனைவி என்னோடு கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டுவிட்டாள். ட்யூப் லைட்டில் எழுதியிருக்கும் உபயதாரர் பெயரைப் படித்து முடிக்காமல் நான் சந்நிதிக்குள் நுழைவதில்லை என்பது அவளுடைய புகார்.

2019 ஏப்ரலில் முதல் தடவையாக அமெரிக்கா போனபோது இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. அக்கா வீடு வர்ஜீனியாவில். அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ எழுபது ரூபாய். ஒரு கட்டு கொத்தமல்லியை எழுபதால் பெருக்கினேன். முடி வெட்டும் கூலியைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போயே வெட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் அக்கா பொறுமை இழந்தாள்.

"டேய், இங்க வந்தவங்க முதல்ல பெருக்கல் வாய்ப்பாட்டை மறக்கணும். இல்லாட்டி பட்டினியாத்தான் ஊருக்குத் திரும்புவே."

"உங்க தம்பிக்கு ஏத்த ஊர் ஒண்ணுதான் இருக்கு. சனிக்கிழமை வாஷிங்டன் போயிடுவோம். அங்க பார்க்க வேண்டியதெல்லாம் இலவசம்" என்றார் அத்தான்.

வியன்னாவிலிருந்து வாஷிங்டனுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போனேன் என்றால் நம்பமாட்டீர்கள். வர்ஜீனியாவிலும் ஒரு வியன்னா இருக்கிறது. அங்கிருந்து மெட்ரோ ரயில் புறப்படுகிறது. அக்கா, அத்தான், எட்டு வயசு மருமகள், நான், ஐந்தாவதாக ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய எலுமிச்சை சாதம். இறங்கும் ஸ்டேஷனின் பெயரே ஸ்மித்ஸோனியன். எஸ்கலேட்டர் மேலே கொண்டுவந்து விட்ட இடத்தின் பெயர் மால். கடைகண்ணியை எதிர்பார்த்துப் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தால் புல்வெளி! ஒரு கோடியில் நாடாளுமன்றத்தின் வெள்ளைக் குவிமாடம், மறுகோடியில் லிங்கன் மண்டபம், இடையில் மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வரிசையாக மியூசியங்கள். எதிலும் டிக்கெட் கௌண்ட்டர் கிடையாது. வாசலில் பையை மட்டும் சோதனை போடுகிறார்கள். எலுமிச்சை சாதத்தை எக்ஸ்ரேயில் பார்த்த காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

இலவசம் என்றால் வேறு யாரோ பணம் கட்டிவிட்டார் என்று அர்த்தம். காமர்ஸில் இது முதல் பாடம். யார் அந்த உபயதாரர்?

அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்மித்சன். இங்கிலாந்துக்காரர், ரசாயன விஞ்ஞானி. ஒரு பிரபுவுக்கு முறைப்படி மணக்காத பெண்ணிடம் பிறந்த பிள்ளை. அதனால் அப்பாவின் பட்டமும் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் 1829-ல் இத்தாலியின் ஜெனோவாவில் இறந்துபோனார். உயிலில் சொத்தெல்லாம் தங்கை... இல்லை, சகோதரன் மகனுக்கு. அவனும் வாரிசில்லாமல் போனால், அறிவை வளர்க்கவும் பரப்பவும் வாஷிங்டனில் தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மனிதர் வாழ்நாளில் அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை! சகோதரன் மகனும் 1835-ல் வாரிசில்லாமல் போய்ச்சேர, 1838-ல் லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் தங்க சவரன்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வந்தன. அந்தக் காலத்து ஐந்து லட்சம் டாலர்.

வந்த பணத்தை அமெரிக்க அரசு என்ன செய்தது? நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி கதைதான். பெரும்பகுதியை ஆர்க்கன்சா மாநிலத்தின் கடன் பத்திரங்களில் போட்டார்கள். ஆர்க்கன்சா கையை விரித்துவிட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜான் க்வின்ஸி ஆடம்ஸ், வயதான காலத்தில் சபையில் உட்கார்ந்து விடாமல் சண்டை போட்டதில், முதலையும் வட்டியையும் அரசே ஈடுசெய்வதென்று 1846-ல் சட்டமானது. அப்படிப் பிறந்ததுதான் ஸ்மித்ஸோனியன்.

கடைசியில் ஸ்மித்சனும் வாஷிங்டன் வந்தார், 1904-ல். ஜெனோவாவில் அவரைப் புதைத்த இடத்தை ஒரு கல்குவாரி விழுங்கப் பார்த்ததால், எலும்புகளை எடுத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். போய் அழைத்துவந்தவர் டெலிபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். போனில் கூப்பிட்டால் வரக்கூடிய நிலையில் ஸ்மித்சன் இல்லையே! 'காஸில்' என்று அழைக்கப்படும் செங்கல் நிறக் கட்டடத்தின் வாசலருகே சமாதி. 2023-ல் பெரிய மராமத்துக்காக அந்தக் கட்டடத்தை மூடினார்கள். நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். செத்து எழுபத்தைந்து வருஷம் கழித்து ஊர் பார்க்க வந்த அந்த வெளிநாட்டுக்காரர் முன்னால், செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன்.

உபயதாரரைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு ஊர் முழுக்க உபயமாகவே தெரிந்தது.

இயற்கை வரலாற்று மியூசியத்தில் ஹோப் வைரத்தைப் பார்க்க ஒரே நெரிசல். நாற்பத்தைந்தரை காரட், நீல நிறம். குண்டூர்ப் பக்கம் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாக நம்பப்படுகிறது. ஒரு பிரெஞ்சு வியாபாரி கொண்டுபோய், ராஜாவிடம் விற்று, களவு போய், வெட்டுப்பட்டு, பல கைமாறி, கடைசியில் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் 1958-ல் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார் தெரியுமா? ரிஜிஸ்டர் தபாலில்! பழுப்புக் காகிதத்தில் சுற்றி. தபால் செலவு 2 டாலர் 44 சென்ட். இன்ஷூரன்ஸோடு சேர்த்து 145 டாலர் 29 சென்ட். மற்றவர்கள் வைரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்தத் தொகையை டைரியில் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் வாஷிங்டன் நினைவுத்தூண், 555 அடி. உற்றுப் பார்த்தால் சுமார் 150 அடி உயரத்தில் கல்லின் நிறம் மாறுகிறது. 1848-ல் ஆரம்பித்து, வசூலான நன்கொடை தீர்ந்து, அரசியல் சண்டை வந்து, உள்நாட்டுப் போரும் வந்து, இருபது வருஷத்துக்கு மேல் மொட்டையாக நின்றது. திரும்ப ஆரம்பித்தபோது பழைய குவாரிக் கல் கிடைக்கவில்லை. 1884-ல் முடித்தார்கள். பணம் தீர்ந்த இடத்தை நாடறியக் கோடு போட்டுக் காட்டும் ஒரே கட்டடம் இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே லிஃப்ட் மராமத்து. நான் ஊர் திரும்பிய பிறகு செப்டம்பரில்தான் திறந்தார்கள்.

தூணைப் பார்த்தபடி புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சற்றுத் தள்ளிக் குளத்தைச் சுற்றிச் செர்ரி மரங்கள் பூத்துக் கிடந்தன. 1912-ல் ஜப்பான் கொடுத்த மரங்களின் வம்சம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு வந்த இரண்டாயிரம் மரங்களில் பூச்சி இருந்ததால் மொத்தத்தையும் கொளுத்திவிட்டார்கள்; ஜப்பான் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி மூவாயிரம் அனுப்பியது.

"அப்ப இந்த ஊர்ல உள்ளூர்ச் சரக்கு எதுதான் அத்தான்?"

"வெயிலைச் சேர்த்துக்கலாம்" என்றார்.

ஊருக்குப் பிளான் போட்டவரும் பிரெஞ்சுக்காரர்தான். பியர் லான்ஃபான். 1791-ல் வரைந்து கொடுத்தார். யாரோடும் ஒத்துப்போகாததால் அடுத்த வருஷமே வேலை போயிற்று. 1825-ல் கையில் காசில்லாமல் செத்தார். 1909-ல்தான் ஞாபகம் வந்து, எலும்புகளை எடுத்து ஆர்லிங்டனில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இந்த ஊரில் மரியாதை கிடைக்க இரண்டு தடவை புதைபட வேண்டும் போலிருக்கிறது.

அதற்கப்புறம் பார்த்த இடத்தில் என் கால்குலேட்டர் வேலை செய்யவில்லை.

வியட்நாம் போர் நினைவுச் சுவர். தரைக்குள் இறங்கிப் போகிற மாதிரி கறுப்புக் கல், அதில் வெறும் பெயர்கள். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல். பதவி கிடையாது, பட்டம் கிடையாது. இறந்த தேதி வரிசைதான். 1981-ல் நடந்த போட்டியில் வந்த 1,421 வரைபடங்களில் இதைத் தேர்ந்தெடுத்தபோது, வரைந்தது யாரென்று நடுவர்களுக்குத் தெரியாது. மாயா லின், இருபத்தொரு வயசுக் கல்லூரி மாணவி. பெற்றோர் சீனாவிலிருந்து குடியேறியவர்கள். பெயர் வெளியானதும் 'இந்தப் பெண்ணா?' என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1982-ல் சுவர் எழும்பியது.

ஒரு கிழவர் சுவரில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பளபளப்பான கல்லில் அவர் முகம் தெரிந்தது, பின்னால் என் முகமும் தெரிந்தது. அந்தக் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து போனது என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது பெங்களூர். நான் எதையும் பெருக்கவில்லை.

வெள்ளை மாளிகையைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். வரைந்தவர் ஜேம்ஸ் ஹோபன், அயர்லாந்துக்காரர். கல் வெட்டியவர்கள், செங்கல் சுட்டவர்கள், மரம் அறுத்தவர்களில் கறுப்பின அடிமைகள் நிறையப் பேர். கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறது. வேலை செய்தது அடிமை. சம்பளம் வாங்கியது அவனுடைய முதலாளி. 'கட்டுவது' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. பணம் கட்டியவன் பெயர் கல்வெட்டில் வரும். கட்டடம் கட்டியவன் பெயர், வந்தால், சம்பளப் பட்டியலில் வரும். இங்கே அந்தப் பட்டியலிலும் கையெழுத்து இன்னொருத்தனுடையது.

கால் வலிக்கு ஒரு காப்பிக் கடையில் ஒதுங்கினோம். பில்லின் அடியில் பத்து சதவீதம் வரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வெளியே ஓரமாக நின்ற காரின் நம்பர் பலகையில் என்னவோ எழுதியிருப்பதை மருமகள் எழுத்துக்கூட்டினாள். 'பிரதிநிதித்துவம் இல்லாத வரி' என்பது அதன் அர்த்தம்.

அமெரிக்கா சுதந்திரப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ்காரனைப் பார்த்துப் போட்ட கோஷம் அது. தலைநகரத்துக்காரர்கள் 2000-லிருந்து அதைத் தங்கள் அரசாங்கத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கார் கார் ஆக. வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத ஊர். ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே 1961-ல்தான் கிடைத்தது. பிரதிநிதிகள் சபைக்கு ஒருவரை அனுப்பலாம். அவர் பேசலாம், மசோதா நிறைவேறும்போது ஓட்டுப் போட முடியாது. செனட்டில் அதுவும் கிடையாது. 2020 கணக்கெடுப்பில் இந்த ஊர் ஜனத்தொகை ஆறு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம். வயோமிங் மாநிலத்தில் அதைவிட லட்சம் பேர் குறைவு. அவர்களுக்கு இரண்டு செனட்டர்கள். தனி மாநிலமாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2020-லும் 2021-லும் நிறைவேற்றியது. இரண்டு தடவையும் செனட்டைத் தாண்டவில்லை.

ஊர் பார்க்க வந்த எனக்கு எல்லாம் இலவசம். ஸ்மித்சன் பணம் விதை நெல்தான். இன்று ஸ்மித்ஸோனியன் செலவில் பாதிக்கு மேல் வரிப்பணம். அந்த வரியைக் கட்டும் உள்ளூர்க்காரனுக்குச் சபையில் கை தூக்க ஆள் கிடையாது.

"அத்தான், நீங்களும் வரி கட்டறீங்கதானே?"

"2008-லேருந்து."

"ஓட்டு?"

சிரித்தார். அத்தான் இருப்பது வேலை விசாவில். கிரீன் கார்டுக்கு மனு போட்டு வருஷக்கணக்காகிறது. வேலை அடிப்படையில் வருஷத்துக்குக் கொடுக்கும் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது கணக்கில் வராது. அது கிடைத்து, அப்புறம் ஐந்து வருஷம் கழித்துத்தான் குடியுரிமை பற்றிப் பேச்சு. மருமகள் அங்கேயே பிறந்தவள்; 2029-ல் பதினெட்டு முடிந்ததும் ஓட்டுப் போட்டுவிடுவாள். "வீட்டுல முதல் வாக்காளர் இவதான்" என்றாள் அக்கா. நான் இதை எழுதும்போதும் அத்தான் வரிசையில்தான் நிற்கிறார்.

காப்பிக்கு நான் பணம் எடுத்தேன். அத்தான் கையைத் தடுத்துவிட்டு அவரே கட்டினார், வரியோடு சேர்த்து.

மருமகள் இன்னும் அந்த நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நம்ம காருக்கும் இதே போர்டு வாங்கி மாட்டலாமா?"

"நம்ம வர்ஜீனியாம்மா. இது வாஷிங்டன்காரங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க."

"ஏன், இதுக்கும் க்யூ இருக்கா?" என்றாள்.