போலீஸ் ரேடியோவுக்குப் பூட்டு!

அமெரிக்காவில் போலீசாரும் தீயணைப்புப் படையினரும் ரேடியோவில் பேசிக்கொள்வதைப் பொதுமக்களும் கேட்பது உண்டு. அதற்கு "ஸ்கேனர்" என்ற சிறு ரேடியோ போதும். எங்கே தீ, எங்கே விபத்து என்பது உடனே தெரிந்துவிடும். பத்திரிகை நிருபர்கள் ஓடுவதும் அதைக் கேட்டுத்தான்.

பல ஊர்களில் இந்தப் பேச்சு "டிஜிட்டல்" முறைக்கு மாறிவிட்டது. ஸ்கேனரில் குரல் துண்டு துண்டாக வருகிறது. ஏன்?

பல ஒலிபரப்புக் கோபுரங்கள் ஒரே பேச்சை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. அருகில் உள்ள கோபுரத்தின் அலை முந்துகிறது. தூரத்துக் கோபுரத்தின் அலை நொடியில் சிறு பங்கு பிந்துகிறது. இரண்டும் கலந்து குரல் சிதைகிறது. அலை போதாததால் அல்ல, அதிகமானதால் வரும் தொல்லை இது!

ஒரு திசையை மட்டும் நோக்கும் ஏரியலை ஒரே கோபுரத்தின் பக்கம் திருப்பினால் குரல் தெளியும். ஸ்கேனரைச் சில அடி நகர்த்தி வைத்தாலும் பலன் கிடைப்பது உண்டு.

ஆனால் எந்த ஏரியலாலும் தீராத சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. பேச்சையே ரகசியக் குறியாக மாற்றிப் பூட்டிவிடுகிறார்கள். நியூயார்க் போலீசார் 2023-ம் ஆண்டில் புரூக்ளின் பகுதியில் இதைத் தொடங்கினார்கள். சிகாகோவில் பேச்சை 30 நிமிடம் கழித்தே மக்கள் கேட்க முடியும் என்று ஏற்பாடு வந்தது.

குற்றவாளிகள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது போலீசாரின் வாதம். போலீசார் செய்வது மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்பது நிருபர்களின் கேள்வி.

அலையைப் பிடிக்க ஏரியல் போதும். பூட்டைத் திறக்கச் சட்டம்தான் வர வேண்டும்.