கணினியோடு வரும் காவல் போதுமா?

மலையக வீடுகளில் கணினி ஓர் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்ட காலம் மெல்ல மாறி வருகின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையத்துக்கு மாற்றப்பட்டபோது, ஊவாவின் மலைக்கிராமங்களில் பிள்ளைகள் தொலைபேசி அலைவரிசை தேடிக் குன்றுகளில் ஏறி நின்ற காட்சியை நாடே கண்டது. அதன் பின்னர், நகையை அடகு வைத்தும், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைக்கும் உறவினர் அனுப்பிய பணத்தைக் கொண்டும், பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹப்புத்தளைப் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் பழைய மடிக்கணினி ஒன்றையேனும் வாங்கியுள்ளன. குருத்தலாவ, சில்மியாபுர போன்ற ஊர்களின் வர்த்தகக் குடும்பங்களில் கடைக் கணக்கும் பிள்ளையின் உயர்தரப் பாடக்குறிப்பும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவு பற்றிய அறிக்கைகளில் தோட்டத்துறை நகரத்துக்கும் கிராமத்துக்கும் பின்னால் கடைசியிலேயே நின்று வந்துள்ளது. அவ்வாறிருக்க, அரிதாய்க் கிடைத்த அந்த ஒரு கணினி பழுதானால் அதற்கு மாற்று இல்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

இத்தகைய கணினியை வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, "வைரஸ் கார்ட் போட வேண்டுமா?" என்பதாகும். சில கடைகளில் ஆண்டுக்கொரு முறை பணம் செலுத்தும் மென்பொருளைப் பரிந்துரைப்பர். வேறு சிலவற்றில் அதன் திருட்டுப் பதிப்பை ஓரிரு நிமிடங்களில் ஏற்றித் தந்துவிடுவர். கணினியோடு கூடவே வரும் பாதுகாப்பு ஒன்று இருக்கின்றது என்பதையும், அதற்கென்று ஒரு சதமும் செலுத்த வேண்டியதில்லை என்பதையும் எடுத்துரைப்போர் சிலரே. அந்தப் பாதுகாப்பு ஒரு வீட்டுப் பாவனையாளருக்குப் போதுமானதா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விடயம்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வின்டோஸ் டிஃபென்டர், உளவு மென்பொருள்களை மட்டுமே தடுக்கும் சிறு கருவியாக இருந்தது. 2009 இல் இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளொன்றை அந்நிறுவனம் தனியாக வெளியிட்டது. 2012 இல் வின்டோஸ் 8 வந்தபோதுதான் முழுமையான வைரஸ் தடுப்பு இயங்குதளத்தின் உள்ளேயே வைக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அது பரிசோதனைகளில் பின்தங்கியே நின்றது. "வின்டோஸோடு வருவது ஒன்றுக்கும் உதவாது" என்று இன்றும் கடைகளில் கூறப்படுவது அக்காலத்து நினைவின் எச்சமேயாகும். ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய சுயாதீனப் பரிசோதனைக் கூடங்களின் முடிவுகளில் இது கடந்த பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வாங்கும் முன்னணி மென்பொருள்களுக்கு நிகரான நிலையிலேயே இருந்து வருகின்றது.

எனவே, உரிமம் பெற்ற, புதுப்பிக்கப்பட்ட வின்டோஸ் உள்ள வீட்டுக்கணினிக்கு வேறொரு வைரஸ் கார்ட் தேவையில்லை என்று நாம் தயக்கமின்றிக் கூறுவோம். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் தருமமும் அல்ல. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பாவித்த அவாஸ்ட் என்னும் இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிறுவனம், பாவனையாளர் எந்தெந்த இணையத்தளங்களைப் பார்வையிட்டனர் என்ற விபரத்தைத் திரட்டித் தனது துணை நிறுவனமொன்றின் ஊடாக விற்றதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கில் 2024 பெப்ரவரியில் 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. காவலுக்கு அமர்த்தியவரே வீட்டுச் செய்தியை வெளியே விற்ற கதை இது.

ஆனால், மேலே நாம் கூறிய விடையில் "உரிமம் பெற்ற, புதுப்பிக்கப்பட்ட" என்ற இரு சொற்கள் உள்ளன. ஊவாவின் பிரச்சினை முழுவதும் அவ்விரு சொற்களிலேயே அடங்கியிருக்கின்றது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் பாவனையிலுள்ள மென்பொருள்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவை உரிமமற்றவை என்று சர்வதேச மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018 இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மாதம் முழுவதும் கொழுந்து பறித்துப் பெறும் சம்பளத்தில் ஒரு வின்டோஸ் உரிமத்தை விலை கொடுத்து வாங்கு என்று தொழிலாளியிடம் கூறுவது எளிதன்று. அதனை நாம் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. விடயம் வேறு. திருட்டு வின்டோஸை இயங்கச் செய்யும் கருவியை ஏற்றுவதற்கு முன்னர், உள்ளேயுள்ள பாதுகாப்பை நிறுத்துமாறு அக்கருவியே கேட்கும். கடைக்காரர் நிறுத்துவார், பின்னர் அதனை மீள இயக்க மறந்துவிடுவார், அல்லது இயக்கினால் தான் ஏற்றியது அழிந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே விட்டுவிடுவார். வாங்கியவர் காவல் இருக்கின்றது என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புவார்.

இவ்வாசல் வழியாக நுழைந்ததுதான் 'ஸ்டொப்' அல்லது 'டிஜேவியூ' என்று அழைக்கப்படும் கப்பம் கோரும் நச்சு மென்பொருள். 2018 முதல் பரவிய இது பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகவில்லை. திருட்டு மென்பொருளையும், அதனை இயக்கும் கருவியையும் இணையத்தில் தேடிய மாணவர்களையும் சாதாரண வீட்டாரையுமே அது பிடித்தது. கணினியிலுள்ள படங்கள், ஆவணங்கள் யாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்டது. 72 மணித்தியாலங்களுக்குள் செலுத்தினால் பாதி விலை என்றும் சலுகை அறிவித்தது. 2019 ஒக்டோபரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இலவசத் திறவுகோலொன்றை வெளியிட்டனர். எனினும் அதன் பின்னர் வந்த வகைகளுக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. திருமணப் படங்களும் இறந்த தாயின் ஒளிப்படமும் அப்படியே பூட்டுண்டு போயின.

இரண்டாவது, புதுப்பித்தல். வின்டோஸ் 10 இற்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதற்குப் பின் வந்த வின்டோஸ் 11, ஏறத்தாழ 2018 இற்கு முன்னர் தயாரிக்கப்பட்ட பெரும்பாலான கணினிகளை ஏற்பதில்லை. பதுளைக் கடைகளில் இரண்டாம் கைப் பொருளாக விற்கப்படும் மடிக்கணினிகளோ பெரும்பாலும் அத்தகையனவே. வின்டோஸ் 10 இல் உள்ள வைரஸ் தடுப்புக்கான புதிய அடையாளக் குறிப்புகளை 2028 ஒக்டோபர் வரை வழங்குவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இதனைக் கேட்டு நிம்மதி அடைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலாளி வாசலில் நிற்பார். ஆனால் கொல்லைப்புறச் சுவரில் விழும் வெடிப்பைப் பூசுவார் எவரும் இரார். 2017 மே மாதத்தில் 150 நாடுகளளவில் கணினிகளை முடக்கிய வன்னாக்ரை அத்தகைய வெடிப்பொன்றின் வழியாகவே நுழைந்தது. அதனை அடைக்கும் திருத்தம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியாகியிருந்தது. ஏற்றியோர் தப்பினர்.

வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, திருத்தங்களைப் பெறும் திட்டமொன்றையும் மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் கணக்கில் சேமித்து வைக்க இணங்குவோருக்கு அது கட்டணமின்றியே கிடைக்கும் என்பதை அறியாமல், பணம் கட்ட வேண்டும் என்று எண்ணி விட்டுவிட்டோர் அநேகர். புதிய கணினி வாங்க வழியில்லாதோருக்கு லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளமும் உண்டு. பழகச் சில வாரம் பிடிக்கும் என்பதைத் தவிர, கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

புதுப்பித்தல் என்று சொல்லும்போது, தோட்டப்புறங்களில் அதற்கு டேட்டா வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டில் இணையம் என்பது பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசியிலிருந்து கணினிக்குப் பகிரப்படும் சொற்ப டேட்டா. வின்டோஸின் பெரிய திருத்தமொன்று அதனை ஒரே இரவில் விழுங்கிவிடும் என்று அஞ்சி, புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருப்போரை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. டிஃபென்டர் தன் வலிமையில் பெரும்பங்கை இணையத்தின் வழியாக மைக்ரோசொஃப்டின் வழங்கிகளைக் கேட்டே பெறுகின்றது. இணையத் தொடர்பின்றிச் சோதிக்கும்போது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைவதை ஏவி-கம்பரேட்டிவ்ஸ் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இணையமற்ற வீட்டுக்கு வைரஸ் எப்படி வரும் என்று கேட்கலாம். பென் டிரைவில் வரும். அச்சுப் பிரதி எடுக்கக் கொம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டு சென்ற பென் டிரைவ், ஊரிலுள்ள எல்லோரது பென் டிரைவும் செருகப்பட்ட அதே கணினியைத் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகின்றது. உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருப்பதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்! ஆகவே வாரத்தில் ஒரு முறையேனும், நகரிலுள்ள உறவினர் வீட்டிலோ வை-ஃபை உள்ள வேறிடத்திலோ, வைரஸ் தடுப்பின் அடையாளக் குறிப்புகளைப் புதுப்பித்துக்கொள்வது நன்று. அவை முழு வின்டோஸ் திருத்தத்தைப் போல் பெரியவையும் அல்ல.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கணினி எச்சரிக்கை விடுக்கும்போது அது ஆங்கிலத்தில் இருந்தால், பிள்ளை "ஓகே" என்பதை அழுத்திவிட்டுப் போய்விடும். வின்டோஸைத் தமிழில் மாற்றிக்கொள்ளும் வசதி பல ஆண்டுகளாக இருக்கின்றது. அத்தமிழ் சில இடங்களில் நம்மைச் சிரிக்க வைக்கும். எனினும் பாதுகாப்பு நிறுத்தப்பட்டுள்ளது என்பதைப் புரியவைக்க அது போதும். அதே பக்கத்தில், கப்பம் கோரும் மென்பொருள்களிலிருந்து குறிப்பிட்ட கோப்புறைகளைக் காக்கும் வசதியொன்றும் 2017 முதல் உண்டு. அது தானாக இயங்குவதில்லை. பாவனையாளரே இயக்க வேண்டும்.

இவை யாவற்றையும் செய்த பின்னரும் எஞ்சும் ஆபத்தை எந்த வைரஸ் கார்டும் அறியாது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு இரு நாள்களின் பின்னர், கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில தளங்களைத் திறந்தோர் வேறொரு பக்கத்துக்கு இட்டுச் செல்லப்பட்டனர். அப்பக்கத்தில் நாட்டின் பல பிரச்சினைகளோடு தேயிலைத் தொழிற்றுறையின் பிரச்சினையும் எழுதப்பட்டிருந்தது. தாக்கப்பட்டது இலங்கையின் இணைய முகவரிகளைப் பதிவு செய்யும் அமைப்பேயன்றி, எவரது வீட்டுக் கணினியும் அல்ல. முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தவரும் தவறான இடத்துக்கே சென்றார். அன்று காட்டப்பட்டது ஓர் அறிவிப்பு. அதே இடத்தில் வங்கியொன்றின் போலிப் பக்கம் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் பொய்க் குறுஞ்செய்திகள் பற்றி அத்திணைக்களமே பலமுறை எச்சரித்துள்ளது. பொதி வந்திருக்கின்றது, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்ற செய்தி, வெளிநாட்டிலுள்ள மகளிடமிருந்து பொதியை எதிர்பார்த்திருக்கும் தாய்க்குப் பொய்யாகத் தோன்றாது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பவனுக்கு அவர் அதனைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டால், மாதக்கணக்கில் சேர்ந்த பணம் சில நொடிகளில் போய்விடும். அவ்வேளையில் கணினியில் பச்சை அடையாளம் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். பெண்களின் படங்கள் திருடப்பட்டு மிரட்டப்படும் சந்தர்ப்பங்களும் இத்தகையனவே. மானத்துக்கு அஞ்சி வீட்டில் கூறாதிருக்கும் பெண்கள், ஹிதவதி என்னும் உதவிச் சேவையிடம் இரகசியமாக ஆலோசனை பெறலாம்.

பிரதியெடுத்து வைத்தல் பற்றி நாம் அறிவுரை கூறுவதைவிட, அரசாங்கமே பெற்ற பாடத்தைக் கூறுவது பொருந்தும். 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாதபடி அழிந்தன. பாவனையிலிருந்தது 2013 ஆம் ஆண்டின் காலங்கடந்த மென்பொருள். எடுத்து வைக்கப்பட்ட பிரதியும் அதே அமைப்போடு தொடர்புபட்டிருந்தமையால் அதுவும் தாக்கப்பட்டது. கொழும்பில் பொறியியலாளர்கள் சூழ நடந்ததே இதுவென்றால், மடூல்சீமையில் ஒரு மாணவி தன் ஒப்படைகளை வேறொரு வன்தட்டிலும் பதிந்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைப்பது வீண் வேலையன்று.

இப்பொறுப்பு முழுவதையும் வீட்டாரின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. தோட்டப் பாடசாலைகளுக்கும் அறநெறிப் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களும் அரசியல்வாதிகளும் கணினிகளை வழங்குகின்றனர். அவற்றுள் ஒரு பகுதி வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்கள். ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் அவற்றை ஏற்கும் முன், இயங்குதளம் எது, அதற்கு எதுவரை திருத்தம் கிடைக்கும், உள்ளேயுள்ள பாதுகாப்பு இயங்குகின்றதா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுவதற்குப் பெரிய செலவெதுவும் இல்லை. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் கணினித்துறை மாணவர்கள் விடுமுறையில் ஒரு நாள் பசறைக்கோ லுணுகலைக்கோ சென்று பாடசாலைக் கணினிகளைச் சோதித்துத் தர ஒழுங்கு செய்யலாம். அடுத்த கையளிப்பு விழாவில், பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதற்கு முன்னர், "ஐயா, இதிலுள்ள வின்டோஸுக்கு உரிமம் இருக்கின்றதா?" என்று அதிபர் ஒருவர் கேட்பாராயின், அதனை அவமரியாதையாக எவரும் கொள்ள வேண்டியதில்லை.