வழியில் வந்த வம்புகள்

நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பிய பயணத்தைப் பற்றிப் பேச அதிகம் இருப்பதில்லை. வேன் நடுவழியில் நின்றது, சாப்பாட்டுக் கூடை வீட்டிலேயே தங்கிவிட்டது, வழி தவறி வேறெங்கோ போய்ச் சேர்ந்தது... இவைதான் குடும்பத்தார் கூடும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் சொல்லிச் சிரிக்கப்படுகின்றன. அன்று கண்ணீரை வரவழைத்த விடயம் பத்து வருடம் கழித்துச் சிரிப்பாகிவிடுகிறது.

திரைப்படக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். 1966 இல் தமிழில் வந்த 'மெட்ராஸ் டூ பாண்டிச்சேரி' ஒரு பஸ் பயணத்தைச் சுற்றியே ஓடியது. 1972 இல் அது ஹிந்தியில் 'பொம்பே டூ கோவா' ஆனது. பஸ் கொண்டக்டராகத் தமிழில் நாகேஷும் ஹிந்தியில் மஹ்மூதும் செய்த சேட்டைகளை மூத்த வாசகிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால், குழம்பிப்போன பயணத்தை வைத்தே மூன்று வெற்றிப் படங்களுக்குக் கதை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் அமெரிக்கரான ஜோன் ஹியூஸ். 2009 இல் காலமானார். மூன்று படங்களிலும் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போகிறார்.

ஒரு தகப்பனின் பிடிவாதம்

முதலாவது, 1983 இல் வந்த 'வெக்கேஷன்'. 1979 இல் ஒரு நகைச்சுவைச் சஞ்சிகைக்கு ஹியூஸ் எழுதிய சிறுகதைதான் இதற்கு மூலம். சிக்காகோ பக்கத்துக் குடும்பத் தலைவர் ஒருவர், மனைவியையும் இரு பிள்ளைகளையும் கலிபோர்னியாவிலுள்ள ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப்போகத் தீர்மானிக்கிறார். "விமானத்தில் போவோமே" என்று மனைவி ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்க்கிறாள். அவர் கேட்டால்தானே! வழி நெடுக நஷ்டம், சண்டை, அவமானம். கடைசியில் பூங்காவின் வாசலுக்குப் போனால், திருத்த வேலைக்காக இரண்டு கிழமைக்கு மூடியிருக்கிறார்கள்!

சிரிப்பு வருவது உண்மை. ஆனால், கூட வந்த வயதான மாமி வழியில் இறந்துபோக, அவரது உடலைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகும் காட்சி நம்மவர்க்குச் சிரிப்பைத் தராது, நெஞ்சைத்தான் உறுத்தும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். போய்ச் சேரும் இடமே பெரிதென்று ஆகிவிட்டால், கூட வருகிறவர்கள் வெறும் சாமான்களாகிவிடுவார்கள். கதாசிரியர் குத்திக் காட்டுவதும் இதைத்தான்.

விடாத வழித்துணை

இரண்டாவது, 1987 இல் வந்த 'பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஒட்டோமொபைல்ஸ்'. கதை ஹியூஸின் சொந்த அனுபவத்தில் முளைத்தது. நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்குப் புறப்பட்ட அவரது விமானம் ஒருமுறை விசிட்டா என்ற நகரில் போய் இறங்கியது. வீடு வந்துசேர ஐந்து நாட்கள் ஆயினவாம்.

படத்தில் ஸ்டீவ் மார்ட்டின், பண்டிகைக்கு வீடு போய்ச்சேரத் துடிக்கும் அலுவலகக்காரர். ஜோன் கேண்டி, குளியலறைத் திரைச்சீலைக்கு வளையம் விற்கும் வியாபாரி; வாய் ஓயாத மனிதர். பனியினால் விமானம் திசை மாறுகிறது. ரயில் வயல்வெளியில் நின்றுவிடுகிறது. வாடகைக் கார் எரிகிறது. கையில் காசு தீர்ந்தபோது, வியாபாரி தன் திரைச்சீலை வளையங்களைக் காதணிகள் என்று பெண்களிடம் விற்றுவிடுகிறார்! இந்தக் காட்சியில் சிரிக்காத பெண் இருக்க முடியாது.

அலுவலகக்காரருக்கு இந்த மனிதர் பெரும் தொல்லை. எப்படியாவது கழற்றிவிடப் பார்க்கிறார். ஒருவழியாகப் பிரிந்து வீட்டுக்குப் போகும்போதுதான், வழியில் கேட்ட சின்னச் சின்னப் பேச்சுக்களெல்லாம் ஒன்றுசேர்ந்து மனதில் உறைக்கின்றன. 'மனைவி, மனைவி' என்று பேசிக்கொண்டிருந்தாரே, அந்த மனைவி இறந்து எட்டு வருடங்களாகின்றன. அந்த மனிதருக்குப் போக ஒரு வீடே இல்லை! அலுவலகக்காரர் திரும்பி வருகிறார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறார். அதுவரை சிரித்த கண்கள் அங்கே கலங்கிவிடுகின்றன. அதிகம் பேசுகிறவர்களைக் கண்டு ஒதுங்குகிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எத்தனை தனிமை இருக்கிறதென்று யார் கேட்டுப் பார்க்கிறோம்?

ஒரு தாயின் தவிப்பு

மூன்றாவது, 1990 இல் வந்து உலகமெங்கும் ஓடிய 'ஹோம் அலோன்'. ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது, மறக்கக்கூடாதவற்றைப் பட்டியல் போட்ட ஹியூஸுக்கு, "பிள்ளையை மறந்துவிட்டுப் போனால்?" என்று தோன்றியதுதான் கதையின் வித்து.

எட்டு வயதுச் சிறுவன் கள்வர்களைப் படுத்தும் பாட்டைத்தான் பிள்ளைகள் ரசிப்பார்கள். தாய்மார் பார்க்கவேண்டியது வேறு. இரவு காற்றில் மின்சாரம் நின்று கடிகாரங்கள் பிசகுகின்றன. எல்லோரும் நேரம் கழித்து எழும்புகிறார்கள். அவசரத்தில் ஒரு பெண்பிள்ளை தலைகளை எண்ணுகிறாள். வேடிக்கை பார்க்க வந்த அயல்வீட்டுப் பையனின் தலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கணக்குச் சரி! விமானத்திலோ பெரியவர்களுக்கு முன்னால் சொகுசு ஆசனம், பிள்ளைகள் பின்னால். பாதிக் கடல் தாண்டிய பிறகுதான் தாய்க்கு உறைக்கிறது.

பாரிஸில் இறங்கிய தாய் எப்படியாவது திரும்பிப் போகத் துடிக்கிறாள். விமானம் மாறி விமானம் ஏறி, கடைசியில் முன்பின் அறியாத வாத்தியக்காரர்களின் வேனில் இரவெல்லாம் பயணம். அந்தக் குழுவின் தலைவரும் நம் ஜோன் கேண்டிதான். அவள் ஓடோடி வந்து பிள்ளையை அணைத்த சில நிமிடங்களில், நேரடி விமானத்துக்குக் காத்திருந்து வந்த மற்றவர்களும் வாசலில் நிற்கிறார்கள்! அப்படியானால் அவள் பட்ட பாடு வீணா? அந்தச் சில நிமிடங்களின் விலை தாய்மாருக்குத் தெரியும்.

இன்று போல் ஆளுக்கொரு கையடக்கத் தொலைபேசி அன்று இருந்திருந்தால், இந்தப் படங்களில் பாதிக் கதை நடந்திராது. எனினும் அடிப்படைப் பிழைகள் இன்றும் அதேதான். மனைவியின் சொல்லைக் கேளாமை, கூட வருகிறவரைச் சுமையாக நினைத்தல், முகம் பாராமல் தலையை மட்டும் எண்ணுதல்.

ஒரு குறிப்பு: மூன்றாவது படத்தைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம். கள்வர்களுக்குச் செய்த குறும்புகளை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். இரண்டாவதில் ஓரிடத்தில் கெட்ட வார்த்தைகள் பொழிகின்றன, அது பெரியவர்களுக்கே. முதலாவதில் ஆபாசக் காட்சிகளும் உண்டு. கதையை அறிந்துகொண்டதே போதும்.

அடுத்த விடுமுறையில் பயணம் புறப்படும்போது தலைகளை எண்ணாதீர்கள் சகோதரிகளே. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வழியில் ஏதும் பிசகினால் யார் பிழையென்று தேடி முகம் கோணவேண்டாம். பிற்காலத்தில் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கப்போகும் கதை, ஒருவேளை அந்த இடத்தில்தான் தொடங்குகிறதோ என்னவோ!