தரகர் யாருடைய ஆள்?

இங்கிலாந்தில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று நினைத்தால் தவறு. ரிடையர் ஆன வாத்தியார், எலக்ட்ரீஷியன் என்று சாதாரண ஆட்களும் பல வருடச் சேமிப்பைப் போட்டுப் பழைய படகு ஒன்றை வாங்குவதுண்டு. அதிலும் கிரீஸ், ஸ்பெயின் மாதிரி வெயில் அடிக்கும் நாடுகளில் நிற்கும் படகாகப் பார்த்து, அங்குள்ள தரகர் மூலம் வாங்குபவர்கள் நிறைய. ஆசை நியாயமானதுதான். ஆனால் தரகரைத் தன் ஆளாக நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. படகின் விலை 50,000 பவுண்டு, கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாகக் கமிஷனைக் கொடுப்பவர் விற்பவர். வியாபாரம் முடிந்தால் தரகருக்கு 5,000 பவுண்டு. வாங்குபவர் பேரம் பேசி 3,000 குறைத்தால் தரகருக்குக் குறைவது வெறும் 300. ஆனால் வாங்குபவர் பயந்துபோய் விலகிவிட்டால் போவது மொத்தம் 5,000!

ஆக, விலை ஏறுவதைவிட வியாபாரம் முடிவதில்தான் தரகருக்கு அக்கறை. பேரத்தில் அவர் தாராளமாக விட்டுக்கொடுக்கச் சொல்வதும் அதனால்தான். இதைப் பார்த்து வாங்குபவர், 'நல்ல மனுஷன், நமக்காகப் பேசுறார்' என்று நம்பிவிடுகிறார். தரகர் பொய் சொல்லவே வேண்டாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தாலே போதும்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று பழைய கார்களை வைத்து 1970-ல் எழுதினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். காரையாவது சுற்றி வந்து பார்க்கலாம். படகில் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீரில் கிடக்கிற எருமைக்கு விலை பேசுகிற கதைதான்.

அப்படியானால் தரகர் தானாகச் சொல்லாத கேள்விகள் என்னென்ன?

1. படகின் உடம்பு எப்படி? படகைக் கரையேற்றி, சர்வேயரை வைத்துச் சோதிக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் உடலில் நீர் ஊறிக் கொப்புளம் கட்டியிருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாமல் போகலாம். அந்த சர்வேயர் தரகர் கைகாட்டும் ஆளாக இருக்கக்கூடாது. சோதனையில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

2. படகு உண்மையில் யாருடையது? பிரிட்டனில் சிறு படகுகளுக்கான பதிவுச் சான்றிதழ் உரிமைக்கு ஆதாரமே அல்ல. அடமானம் பதிவாவதும் வேறு பதிவேட்டில். மாலுமியின் சம்பளப் பாக்கி மாதிரி சில கடன்கள் படகோடு ஒட்டிக்கொண்டு புதிய உரிமையாளரிடமே வந்துவிடும்.

3. வரி என்ன ஆகும்? 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டன் ஐரோப்பிய வரிச் சந்தைக்கு வெளியே. கிரீஸில் வாங்கிய படகை ஊருக்குக் கொண்டுவந்தால் 20 சதவீத வாட் வரி கட்ட வேண்டியிருக்கும். அங்கேயே நிறுத்தினால், ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி கட்டிய படகு என்பதற்குக் காகிதம் வேண்டும். விளம்பரத்தில் 'வரி கட்டியது' என்று போட்டிருப்பது காகிதம் ஆகாது. விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் அங்கே தங்கலாம் என்பது இன்னொரு இடி.

இதையெல்லாம் விசாரிக்காதது வாங்குபவரின் தப்பு என்று சிலர் சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா மாநிலங்களில் படகுத் தரகருக்கு லைசென்ஸும் பிணைப் பத்திரமும் வேண்டும். பிரிட்டனில் அப்படி லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் நாளைக்கே போர்டு மாட்டலாம். நல்ல தரகர் சங்கங்கள் உண்டு, ஆனால் சேர்வது அவரவர் விருப்பம்.

லைசென்ஸ் வந்தால் செலவு கூடும், மோசடியும் முழுசாக நின்றுவிடாது என்பது எதிர்வாதம். சரி, லைசென்ஸ்கூட வேண்டாம். வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்ற ஒரு விதியையாவது எல்லா நாடுகளிலும் கட்டாயமாக்கலாமே? தரகரின் சொந்தக் கணக்கில் பணம் கலந்துவிட்டு அவர் திவாலானால், வாங்குபவர் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். வேறு நாடு, வேறு மொழி, வேறு கோர்ட்... எத்தனை பேருக்கு அதற்குத் தெம்பு இருக்கும்?

அந்த விதி வரும்வரை ஒரே வழிதான். தரகர் விற்பவரிடம் சம்பளம் வாங்குகிறார். வாங்குபவர் தன் சொந்தக் காசில் ஒரு சர்வேயரையும், அந்த நாட்டு வக்கீலையும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு தண்டம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த வியாபாரத்தில் வாங்குபவரின் ஆள் என்று சொல்ல அவர்கள் இருவர் மட்டும்தான் இருப்பார்கள்.